ஜெர்மனியில் வாடகை வீட்டுக்குத் துணை குடிவரும்போது: எதை முதலில் செய்வது, எதை எழுதி வாங்குவது

ஜெர்மனியில் தனியாளாக வாடகைக்கு எடுத்த வீட்டுக்கு மனைவியோ கணவரோ, திருமணம் ஆகாத துணையோ குடிவரப் போகிறார் என்றால் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவரைக் கூட்டிவர எனக்கு உரிமை உண்டா? வந்தவருக்கு இந்த வீட்டில் என்ன உரிமை?

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் 'உண்டு' என்பதே விடை. இரண்டாவதற்கான விடை, ஒப்பந்தத்தில் யார் பெயர் இருக்கிறது, நீங்கள் இருவரும் சட்டப்படி மணமானவர்களா என்பதைப் பொறுத்து மாறும். புதிதாக வருகிறவர்கள் முதல் கேள்விக்கே பயந்து, உரிமையாளரிடம் சொல்லாமல் மறைக்கப் பார்க்கிறார்கள். இரண்டாவதை வீட்டில் சண்டை வரும்வரை யாரும் கேட்பதில்லை. இரண்டையும் ஆரம்பத்திலேயே கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் வராது.

வரிசை முக்கியம். முதலில் உரிமையாளருக்கு எழுதுங்கள், பிறகு குடிவரட்டும், அதன்பின் முகவரிப் பதிவு, ஒப்பந்தத்தில் பெயர் சேர்ப்பது கடைசி. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

## 1. சட்டத்தின் கண்ணில் நீங்கள் இருவரும் யார் என்று பாருங்கள்

எல்லாம் இங்கிருந்துதான் பிரிகிறது. சட்டப்படி மணமான கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வெளியாள் கிடையாது. அதனால் மனைவியை அழைத்துவர உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. தகவல் சொன்னால் போதும். உங்கள் சொந்தப் பிள்ளைகளுக்கும் இதுவே.

மணமாகாத துணை சட்டத்தின் கண்ணில் மூன்றாம் ஆள். ஜெர்மன் குடிமைச் சட்டத்தின் 540ஆம் பிரிவுப்படி, உரிமையாளரின் அனுமதி இல்லாமல் மூன்றாம் ஆளுக்கு வீட்டில் இடம் கொடுக்கக் கூடாது. ஆனால் 553ஆம் பிரிவு, நியாயமான காரணம் இருந்தால் அந்த அனுமதியைக் கேட்டுப் பெறும் உரிமையை வாடகைதாரருக்குத் தருகிறது. 2003 நவம்பர் 5 அன்று ஜெர்மனியின் உச்ச உரிமையியல் நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: மணமாகாத துணைக்கு அனுமதி கேட்டாக வேண்டும், ஆனால் சேர்ந்து வாழ விரும்புவதே பொதுவாகப் போதுமான காரணம். கேட்பது உங்கள் கடமை, கொடுப்பது அவர் கடமை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஹம் காமாட்சி அம்பாள் கோயில் போல ஜெர்மனியில் உள்ள ஒரு கோயிலில் ஊரறியத் தாலி கட்டியிருக்கலாம். ஷ்டாண்டஸ்ஆம்ட் எனப்படும் திருமணப் பதிவு அலுவலகத்தில் மணம் முடிக்கவில்லை என்றால், ஜெர்மன் சட்டம் உங்களைக் கணவன் மனைவியாக ஏற்காது. அந்த நிலையில் நீங்கள் அனுமதி கேட்க வேண்டியவர்கள். ஊரில் முறைப்படி மணமாகி வந்தவர்கள் திருமணச் சான்றிதழையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் தயாராக வைத்திருங்கள்.

தம்பி, தங்கை, மைத்துனர் குடிவருவதாக இருந்தாலும் அனுமதி கேளுங்கள். குடும்பம்தானே என்ற நினைப்பு இங்கே காப்பாற்றாது.

## 2. எழுதும் முன் ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

ஒப்பந்தத்தை எடுத்து நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டின் பரப்பளவு, உங்களுடன் கையெழுத்திட்டிருப்பது யார், நேபன்கோஸ்டன் எனப்படும் துணைச் செலவுகளை (தண்ணீர், குப்பை போன்றவற்றுக்கு வாடகையோடு சேர்த்துக் கட்டுவது) எந்தக் கணக்கில் பிரிக்கிறார்கள், ஒப்பந்தம் கையெழுத்தான தேதி.

பரப்பளவு ஏன்? ஆள் அதிகமாகிவிட்டது என்பது உரிமையாளர் மறுக்கச் சட்டம் ஏற்கும் காரணங்களில் ஒன்று. நாடு முழுவதற்கும் ஒரே அளவு கிடையாது. பெர்லினில் ஓர் ஆளுக்குக் குறைந்தது 9 சதுர மீட்டர், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 6 என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. 40 சதுர மீட்டர் வீட்டில் இருவர் இருப்பதை நெருக்கடி என்று சொல்ல முடியாது.

தேதி ஏன்? மணமாகாத துணைக்கு அனுமதி கேட்கும் உரிமை, ஒப்பந்தம் போட்ட *பிறகு* எழுந்த காரணத்துக்குத்தான் பொருந்தும். இருவரும் சேர்ந்து வாழப்போகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, வீடு எளிதாகக் கிடைக்கட்டும் என்று ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு அடுத்த வாரமே மற்றவரைக் கூட்டிவருவது வம்பு. அப்படியொரு திட்டம் இருந்தால் வீடு தேடும்போதே இருவர் பெயரையும் சொல்லிவிடுங்கள்.

'இந்த வீட்டில் ஒருவர் மட்டுமே வசிக்கலாம்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் உடனே மனம் தளர வேண்டாம். 553ஆம் பிரிவு தரும் உரிமையை வாடகைதாரருக்குப் பாதகமாக மாற்றும் நிபந்தனை செல்லாது என்று அந்தப் பிரிவே சொல்கிறது. கணவன் மனைவியைப் பிரித்து வைக்கும் நிபந்தனைக்கும் அதே கதிதான்.

மாணவர் விடுதி அறையிலோ, பகிர்ந்து வாழும் வீட்டில் ஓர் அறையிலோ இருப்பவர்கள் முதலில் உங்கள் வாடகை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். பகிர்ந்த வீட்டில் முதன்மை வாடகைதாரர்தான் உங்களுக்கு உரிமையாளர் இடத்தில் இருக்கலாம்; அப்படியானால் கடிதம் அவருக்கு. விடுதி என்றால் அதன் விதிகளையும் கேட்டுத் தெரிந்துகொண்டு நகருங்கள்.

## 3. உரிமையாளருக்கு எழுதுவது

எழுதுவது என்றால் காகிதத்தில், அல்லது குறைந்தது மின்னஞ்சலில். மாடிப்படியில் பார்த்தபோது சொன்னேன், அவரும் தலையாட்டினார் என்பது பிறகு உதவாது. வீடு கைமாறிப் புதிய உரிமையாளர் வந்தால் அந்தத் தலையாட்டலை யார் நிரூபிப்பது? நிர்வாக நிறுவனம் இருந்தால் அவர்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

மணமானவர் எழுதும் கடிதம் ஓர் அறிவிப்பு. 'இன்ன தேதி முதல் என் மனைவி இன்னார் என்னுடன் இந்த வீட்டில் வசிப்பார். முகவரிப் பதிவுக்கான உறுதிச் சான்றை அனுப்பித் தாருங்கள்' என்று இரண்டு வரி போதும். இதில் 'அனுமதி தர வேண்டுகிறேன்' என்று எழுதிவிடாதீர்கள். நம் ஊர் மரியாதையில் அது இயல்பாக வந்துவிடும். ஆனால் தேவையில்லாத அனுமதியைக் கேட்டால், அதை மறுக்கலாம் என்ற எண்ணத்தை நீங்களே அவருக்குக் கொடுக்கிறீர்கள்.

மணமாகாதவர் எழுதும் கடிதம் விண்ணப்பம். அதில் வருபவரின் முழுப்பெயர், எந்தத் தேதி முதல், என்ன காரணம் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். பெயர் இல்லாத விண்ணப்பத்துக்கு உரிமையாளர் பதில் சொல்ல வேண்டியதில்லை. காரணமாக 'நாங்கள் சேர்ந்து வாழ முடிவு செய்திருக்கிறோம்' என்பது போதும். உறவின் கதையை விவரிக்க வேண்டாம். பதில் சொல்ல இரண்டு வாரம் என்று ஒரு தேதியைக் குறிப்பிட்டு, பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

துணையின் சம்பளச் சீட்டு, கடன் தகுதிச் சான்று எல்லாம் வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். அவர் ஒப்பந்தத்தில் சேரவில்லை, வாடகை கட்டும் பொறுப்பு உங்களுடையது. எனவே அவர் வருமானம் இங்கே பேச்சே இல்லை. ஒப்பந்தத்தில் பெயர் சேர்க்கும்போது கேட்டால் அது வேறு.

மௌனம் சம்மதம் என்பது இங்கே செல்லாது. குறித்த தேதிவரை பதில் வரவில்லை என்றால் நினைவூட்டி இன்னொரு கடிதம் போடுங்கள். பதில் வராததையே அனுமதியாக எடுத்துக்கொண்டு குடிவைப்பது ஆபத்து.

இடைப்பட்ட காலத்தில் துணை விருந்தினராக வந்து தங்கலாமா? தாராளமாக. விருந்தினருக்கு அனுமதி வேண்டாம். எத்தனை நாள்வரை விருந்து என்று சட்டத்தில் எண் இல்லை. ஆறு முதல் எட்டு வாரம் என்பது நடைமுறையில் சொல்லும் அளவு. தபால் பெட்டியில் பெயர், அலமாரி முழுக்கத் துணிமணி, வேறு வீடு இல்லை என்ற நிலை வந்துவிட்டால் அதை விருந்து என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

## 4. 'முடியாது' என்று பதில் வந்தால்

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். சட்டம் ஏற்கும் காரணங்கள் சில மட்டுமே: வருகிற குறிப்பிட்ட ஆளைப் பற்றிய கனமான காரணம், வீட்டில் இடநெருக்கடி, அல்லது வேறு வகையில் உரிமையாளரால் தாங்க முடியாத நிலை. 'எனக்கு ஜோடிகள் வேண்டாம்', 'சமையல் வாசனை வரும்', 'தனியாளுக்குத்தான் கொடுத்தேன்' என்பவை இதில் சேராது.

மறுப்பு நியாயமற்றது என்றால் மணமாகாதவர்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று, அனுமதி தரச் சொல்லி உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. இன்னொன்று, 540ஆம் பிரிவு தரும் சிறப்பு உரிமையில், சட்டப்படியான முன்னறிவிப்புக் கொடுத்து வீட்டைக் காலி செய்வது. இரண்டு வருடத்துக்குக் காலி செய்ய மாட்டேன் என்று கையெழுத்திட்டு மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த இரண்டாவது வழி பெரிய உதவி.

மறுப்பு வந்தும் துணையைக் குடிவைப்பது மூன்றாவது வழி என்று சிலர் சொல்லிக்கொடுப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். எச்சரிக்கைக் கடிதம் வரும், அப்புறம் ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் வரும். உங்களுக்கு அனுமதி பெறும் உரிமை இருந்தது என்று நீதிமன்றத்தில் வாதாடித் தப்பிக்க வாய்ப்பு உண்டுதான். ஆனால் வீட்டையே பணயம் வைத்து வாதாடுவதைவிட, அனுமதிக்காக மட்டும் வாதாடுவது எவ்வளவோ மேல்.

## 5. குடிவந்த இரண்டு வாரத்துக்குள் முகவரிப் பதிவு

அன்மெல்டுங் எனப்படும் இந்தப் பதிவை நகராட்சிக் குடிமக்கள் அலுவலகத்தில் செய்ய வேண்டும். குடிவந்த நாளிலிருந்து இரண்டு வாரம். தவறினால் 1,000 யூரோ வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது.

இதற்கு வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுபோனால் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட, குடிவந்த தேதியும் குடிவந்தவர் பெயரும் உள்ள உறுதிச் சான்று வேண்டும். இதன் பெயர் வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங். நாக்கு சுளுக்கும் பெயர்தான், ஆனால் அலுவலகத்தில் இதைத்தான் கேட்பார்கள். இதைத் தருவது வீடு கொடுத்தவரின் சட்டக் கடமை. இதற்குக் கட்டணம் கேட்டால் மறுத்துவிடுங்கள். கடிதம் எழுதும் படி முதலில் வருவதற்கு இந்தச் சான்றும் ஒரு காரணம். உரிமையாளருக்குத் தெரியாமல் துணையைக் குடிவைத்தவர்கள் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

பெரிய நகரங்களில் அலுவலக நேரம் கிடைக்கவே வாரங்கள் ஆகும். துணை விமானம் ஏறும் முன்பே முன்பதிவு செய்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்குள் தேதி கிடைக்கவில்லை என்றால், எப்போது முன்பதிவு செய்தீர்கள் என்ற உறுதிச் செய்தியைச் சேமித்து வையுங்கள்.

ஊரிலிருந்து வந்த மனைவிக்கு அல்லது கணவருக்கு வரி எண், வதிவிட அனுமதி, வங்கிக் கணக்கு எல்லாம் இந்தப் பதிவைத் தொட்டுத்தான் நகரும். அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. பதிவு ஆகிவிட்டது என்பதற்காக அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. குடிமக்கள் அலுவலகம் யார் எங்கே வசிக்கிறார் என்று மட்டுமே குறித்துக்கொள்கிறது. உங்களுக்கும் உரிமையாளருக்கும் இடையே உள்ள கணக்கில் அது தலையிடாது.

## 6. தபால் பெட்டியில் பெயர்

பதிவு செய்யப் போகும் அன்றே, துணையின் குடும்பப் பெயரைத் தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். வரி எண், வங்கி ரகசிய எண், வெளிநாட்டவர் அலுவலகக் கடிதம் எல்லாம் இப்படித்தான் காணாமல் போகின்றன. தந்தை பெயரையே குடும்பப் பெயராகப் பயன்படுத்தும் நம் குடும்பங்களில் கணவன் மனைவிக்கு வெவ்வேறு பெயர் இருக்கும் என்பதால் இது இன்னும் முக்கியம். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துகள் அப்படியே இருக்கட்டும்.

## 7. செலவில் எது ஏறும், எது ஏறாது

மனைவி வந்துவிட்டார் என்பதற்காக அடிப்படை வாடகையை ஏற்ற முடியாது. மணமாகாத துணைக்கான அனுமதியில் மட்டும், ஆள் கூடுவதை வாடகை உயர்வு இல்லாமல் தாங்கச் சொல்வது நியாயமில்லை என்ற நிலை இருந்தால், உரிமையாளர் சிறிது உயர்வை நிபந்தனையாக வைக்க 553ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்படிக் கேட்டால் எதற்காக, எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிப் பாருங்கள்.

துணைச் செலவு வேறு கணக்கு. தண்ணீர், குப்பை போன்றவற்றை ஆள் கணக்கில் பிரிக்கும் கட்டடத்தில் உங்கள் பங்கு கூடும். பரப்பளவில் பிரித்தால் அதே அளவுதான். ஆனால் வெந்நீர் அதிகம் செலவாகும் என்பதால் ஆண்டுக் கணக்கு வரும்போது கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கலாம்.

பொது வானொலி, தொலைக்காட்சிக்காகக் கட்டும் ஒலிபரப்புக் கட்டணம் வீட்டுக்கு ஒன்றுதான், மாதம் 18.36 யூரோ. துணை ஏற்கெனவே வேறு வீட்டில் கட்டிவந்தவர் என்றால், உங்கள் கட்டண எண்ணைக் குறிப்பிட்டு அவர் கணக்கை மூடச் சொல்லுங்கள். தானாக மூடப்படும் என்று காத்திருக்காதீர்கள்.

வீட்டு வாடகை உதவியோ வேறு சமூக உதவியோ பெறுகிறவர்கள், தனியாகப் பிள்ளை வளர்ப்பவருக்கான வரிச் சலுகை பெறுகிறவர்கள், வீட்டில் ஆள் கூடியதை அந்தந்த அலுவலகத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பிறகு தெரியவந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள்.

## 8. ஒப்பந்தத்தில் துணையின் பெயரைச் சேர்ப்பதா?

குடிவந்து பதிவும் முடிந்தபிறகு நிதானமாக யோசிக்க வேண்டியது இது.

பெயர் இல்லாத துணை வீட்டில் வசிக்கலாம், ஆனால் உரிமையாளரிடம் நேரடியாக எதையும் கோர முடியாது. வாடகை பாக்கிக்கும் அவர் உரிமையாளருக்குப் பொறுப்பு இல்லை. அதே நேரம், ஒப்பந்தத்தில் உள்ளவர் தனியாகவே வீட்டைக் காலி செய்வதாக எழுதிக் கொடுத்துவிட முடியும். ஊரை விட்டு வேலையை விட்டு வந்த ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் கணவர்கள் யோசிக்க வேண்டும்.

பெயர் சேர்ந்தால் இருவரும் சம வாடகைதாரர்கள். யாரும் யாரையும் வெளியே போகச் சொல்ல முடியாது. கூடவே, ஒவ்வொருவரும் *முழு* வாடகைக்கும் பொறுப்பு. ஒருவர் பாதியைக் கட்டிவிட்டு 'என் பங்கு முடிந்தது' என்று சொல்ல முடியாது. காலி செய்வதாக இருந்தாலும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பிரிந்து போன ஒருவர் கையெழுத்திட மறுத்தால், அவருடைய சம்மதத்துக்காக நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

என் கருத்து: மணமானவர்கள், இருவரும் நீண்டநாள் இங்கே இருக்கப் போகிறார்கள் என்றால் சேர்ப்பது நல்லது. உறவு புதிது, ஒருவருக்கு வருமானம் நிலையில்லை என்றால் ஒரு வருடம் பொறுத்துச் சேர்க்கலாம்.

சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை, மனைவியாக இருந்தாலும்கூட. அவர் ஒப்புக்கொண்டால் *எப்படி* சேர்க்கிறார் என்று பாருங்கள். சரியான வழி, பழைய ஒப்பந்தம் அப்படியே தொடர, 'இன்ன தேதி முதல் இன்னாரும் வாடகைதாரர்' என்று மூவரும் கையெழுத்திடும் இணைப்புப் பத்திரம். இதை நாக்ட்ராக் என்பார்கள். சிலர் 'அதற்கென்ன, இருவர் பெயரில் புதிய ஒப்பந்தமே போடலாம்' என்று அன்பாகச் சொல்வார்கள். அதில் நீங்கள் இழப்பது நிறைய. புதிய வாடகை வரலாம், ஆண்டுதோறும் ஏறும் நிபந்தனை வரலாம். உரிமையாளர் உங்களைக் காலி செய்யச் சொல்லத் தர வேண்டிய முன்னறிவிப்பு தொடக்கத்தில் மூன்று மாதம், குடியிருந்து ஐந்து ஆண்டு கடந்தால் ஆறு மாதம், எட்டு ஆண்டு கடந்தால் ஒன்பது மாதம். புதிய ஒப்பந்தத்தைக் காட்டி அந்தக் கணக்கையும் முதலிலிருந்து தொடங்கப் பார்ப்பார்கள்.

முன்பணமும் அப்படியே. துணைச் செலவு சேராத மாத வாடகையைப் போல மூன்று மடங்குதான் சட்டம் அனுமதிக்கும் உச்சம். அதை ஏற்கெனவே கட்டியிருந்தால், இன்னொருவர் சேர்ந்தார் என்று மேலும் கேட்க முடியாது.

பெயர் சேர்க்காமல் இருவரும் செலவைப் பகிர்ந்தால், யார் எவ்வளவு தருகிறார், பிரிந்தால் எத்தனை வாரத்தில் வெளியேறுவது, வாங்கிய சாமான் யாருடையது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். காதலிக்கிறவரிடம் இதைக் கேட்கத் தயக்கமாக இருக்கும். நல்ல நாளில் எழுதினால்தான் இருவருக்கும் நியாயமாக எழுத வரும்.

## 9. பிரிவும் மரணமும்

சட்டப்படி மணமானவர்கள் பிரியும்போது, ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவரும் வீட்டைக் கேட்கலாம். பிள்ளைகளின் நலன் உள்ளிட்ட நிலைமையைப் பார்த்து, பிரிந்து வாழும் காலத்துக்கு வீட்டை யார் பயன்படுத்துவது என்று குடும்ப நீதிமன்றம் தீர்மானிக்கும். விவாகரத்துக்குப் பின் ஒப்பந்தத்தையே ஒருவர் பெயருக்கு மாற்றவும் 1568அ பிரிவு வழி செய்கிறது. அந்தக் கோரிக்கையை விவாகரத்து இறுதியாகி ஓராண்டுக்குள் எழுப்ப வேண்டும். சண்டையில் கோபித்துக்கொண்டு வெளியே போனவர் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: திரும்பி வர நினைப்பதை ஆறு மாதத்துக்குள் மற்றவருக்குத் தெரிவிக்காவிட்டால், வீட்டின் பயன்பாட்டை அவருக்கே விட்டுக்கொடுத்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். எழுத்தில் தெரிவியுங்கள்.

மணமாகாத, பெயர் இல்லாத துணைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. உறவு முடிந்தால் வெளியேற வேண்டும். அதற்காகப் பூட்டை மாற்றி, பெட்டியைத் தெருவில் வைப்பது சட்டவிரோதம். வேறு இடம் தேட அவகாசம் கொடுக்க வேண்டும். போக மறுத்தால் நீதிமன்ற ஆணை வேண்டும்.

அடி உதை நடந்தால் ஒப்பந்தத்தில் யார் பெயர் என்பது முதல் கேள்வி ஆகாது. வன்முறைப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவருக்கு வீட்டைத் தனியாகப் பயன்படுத்தும் உரிமையை நீதிமன்றம் தரலாம். வீடு அடித்தவர் பெயரில் மட்டும் இருந்தாலும் ஆறு மாதம் வரை தர முடியும். இந்தக் கோரிக்கையைச் சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் அடித்தவரிடம் எழுத்தில் வைக்க வேண்டும். 116 016 என்ற பெண்கள் உதவி எண் இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள். விசா கணவரைச் சார்ந்தது என்பதால் பொறுத்துப்போக வேண்டியதில்லை: தனி வதிவிட உரிமைக்குப் பொதுவாக மூன்று ஆண்டு மணவாழ்வு கேட்பார்கள், ஆனால் வன்முறை போன்ற கடும் நிலையில் அந்தக் காலக்கெடுவைக் கேட்காமல் விடச் சட்டம் சொல்கிறது.

வாடகைதாரர் இறந்துவிட்டால், கூட வாழ்ந்த கணவனோ மனைவியோ ஒப்பந்தத்துக்குள் தானாக வருவார். நிலையாகச் சேர்ந்து குடித்தனம் நடத்திய மணமாகாத துணைக்கும் 563ஆம் பிரிவு அதே உரிமையைத் தருகிறது. வேண்டாம் என்றால் மரணம் தெரிந்த ஒரு மாதத்துக்குள் உரிமையாளரிடம் சொல்ல வேண்டும். சேர்ந்து வாழ்ந்ததற்கு ஆதாரமாக நிற்பது அன்று செய்த முகவரிப் பதிவும் உரிமையாளருக்கு அனுப்பிய கடிதமும்தான்.

## 10. எங்கே கேட்பது

ஒவ்வொரு பெரிய நகரத்திலும் மீட்டர்ஃபெரைன் எனப்படும் வாடகைதாரர் சங்கம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால், சட்டம் தெரிந்தவர்கள் உங்கள் ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்வார்கள். உரிமையாளருக்குக் கடிதமும் எழுதித் தருவார்கள். சங்கம் வழியாகக் கிடைக்கும் வழக்குச் செலவுக் காப்பீட்டுக்குப் பெரும்பாலும் காத்திருப்புக் காலம் உண்டு என்பதால், சண்டை தொடங்கியபின் சேர்வதைவிடத் துணை வரும் முன்பே சேர்ந்துவிடுங்கள்.

போகும்போது ஒப்பந்தம், அதன் இணைப்புகள், நீங்கள் அனுப்பிய கடிதம், பதிவுத் தபால் ரசீது, வந்த பதில், கடைசி ஆண்டின் துணைச் செலவுக் கணக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உரிமையாளர் கையெழுத்துக்கு நீட்டிய தாள் ஏதாவது இருந்தால் அதையும், கையெழுத்திடாமல், கொண்டுபோங்கள்.